இன்னொரு தரம் கேட்பார்கள் என்று

பிழைக்க வந்த நாட்டில், தகனினி என்ற புறநகரில் நாங்கள் குடியிருந்ததை வீடு என்று சொல்வது கொஞ்சம் அதிகம். ஒரு வீட்டின் பின்னால் கார் நிறுத்தக் கட்டிய கராஜைத் தடுத்து, ஒரு படுக்கையறை, ஒரு சமையல் மூலை, நின்றால் திரும்ப முடியாத ஒரு குளியலறை என்று ஆக்கியிருந்தார்கள். ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் பேசும்போது "தனி வீடும்மா" என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. சுவர் தனிச்சுவர்தானே.

முன் வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரும் அவர் கணவரும் இருந்தார்கள். அவர்கள்தான் எங்களுக்கு வீட்டுக்காரர்கள். நாங்கள் திருச்சிப் பக்கம். நான் "ஆமாக்கா" என்பேன், அவர் "ஓம் தங்கச்சி" என்பார். ஒருவர் தமிழ் இன்னொருவருக்குப் பழகப் பழக, நான் சில சமயம் "ஓம்" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொள்வேன். இங்கே பிறந்த என் மகளுக்கு இந்த வம்பே இல்லை. யார் எந்தத் தமிழில் கேட்டாலும் அவள் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள்.

அக்கா வாங்கியிருந்த கரன்ட் திட்டத்தில் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் இலவசம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மீட்டர். அந்த நேரம் வந்ததும் பின்கதவைத் திறந்து, "தங்கச்சி, தொடங்கியிட்டுது!" என்று குரல் கொடுப்பார். உடனே எனக்குப் பேய் பிடித்துவிடும். வாஷிங் மெஷின், ரைஸ் குக்கர், மறுநாள் குழம்பு, என் கணவரின் வேலைச் சட்டைக்கு இஸ்திரி என்று எல்லாம் ஒன்றாக ஓடும். எங்களிடம் இருந்த ஹீட்டர் கையகலம். ஊதுமே தவிரச் சுடாது. அதுவும் அந்த ஒரு மணி நேரம் மகளின் படுக்கைப் பக்கம் ஊதும். ஒரு நாள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு இரண்டு வீடும் இருட்டாகிப் போனது. அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து, "கரன்டுக்காரன் சும்மா தாறான் எண்டு இப்பிடியே?" என்று சிரித்தார். இருட்டில் நானும் சிரித்தேன்.

குளிர்காலத்தில் காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும். பழைய துண்டால் துடைத்து, பிழிந்து, மறுபடி துடைப்பேன். பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படரும். பிளீச் போட்டுத் தேய்த்தால் போகும், அடுத்த வாரம் திரும்பி வரும். மகளுக்கு மூச்சிரைப்பு. டாக்டர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்துவிட்டு, "வீடு காய்ந்து இருக்கிறதா?" என்று கேட்டார். "ஓகேதான்" என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது?

என் கணவருக்கு விரி என்கிற பக்கத்துப் பகுதியில் ஒரு பெரிய வேர்ஹவுஸில் வேலை. கம்பெனி நேரடியாகக் கொடுத்த வேலை இல்லை, ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் கிடைத்தது. நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பது இன்றைக்குச் சாயங்காலம் மெசேஜாக வரும். வராமலும் போகும். ஊரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மனிதர், நான் படிக்க வந்த விசாவில் என்னோடு வந்தவர். என் படிப்பு முடிந்தது. படித்ததற்கு வேலை கிடைக்கவில்லை. ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் இடத்தில் காலை நேர வேலைக்குப் போனேன். அவருக்கு வாரத்தில் நாலு நாள் வேலை வந்தால் வாடகை போக அரிசி பருப்பும் உண்டு. மூன்று நாள் வந்தால் வாடகை மட்டும். இரண்டு நாள் வந்தால் நான் யாரோடும் பேச மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை அக்கா கையில் பற்றிஸ் பலகாரத் தட்டோடு வந்தார். தட்டை நீட்டாமல் அப்படியே வாசலில் நின்றார்.

"தங்கச்சி, உங்களோட ஒண்டு கதைக்க வேணும்."

"உள்ள வாங்கக்கா. ஏன் வெளியில நிக்கிறீங்க?"

"இல்லை, நிண்டே சொல்லுறன். வீட்டை விக்கப் போறம்."

அக்காவின் கணவர் பஸ் ஓட்டியவர். இடுப்பு போய் வீட்டோடு இருந்தார். "நாரி நோ, எழும்ப விடுகுதில்லை" என்பார் அக்கா. நாரி என்றால் அவர்களுக்கு இடுப்பு, நோ என்றால் வலி. மார்ட்கேஜ் பழைய வட்டியில் ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் அக்காவின் சம்பளமும் எங்கள் வாடகையும் சேர்ந்து சமாளித்திருக்கிறது. அந்தத் தவணை முடிந்து வட்டி ஏறியதும் சமாளிக்க முடியவில்லை.

"கட்டேலாமல் கிடக்கு. வித்துப்போட்டு நாங்களும் இனி ரென்ட்தான். உங்களை எழும்பச் சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை."

"பரவாயில்லக்கா," என்றேன்.

எது பரவாயில்லை? ஒன்றுமே சரியாக இல்லை. அந்த வார்த்தை எனக்குத் தும்மல் மாதிரி, நினைப்பதற்கு முன்னால் வந்துவிடும். அக்கா தட்டை என் கையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் மேல் கோபப்படவாவது முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கும் வழி இல்லை.

அப்புறம் வீடு பார்க்கும் படலம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு வீட்டு வாசலில் வரிசையில் நிற்போம், செருப்பைக் கழற்றி உள்ளே போய் வருவோம், பெயர் எழுதிக் கொடுப்போம். பதிலே வராது. கடைசியில் மகளின் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒன்று அமைந்தது. சின்ன வீடுதான். ஆனால் வடக்குப் பார்த்த ஜன்னல், இந்த நாட்டில் வெயில் அந்தப் பக்கம்தான் வரும். மகள் கார்ப்பெட்டில் வெயில் விழுந்த இடத்தில் அப்படியே படுத்துவிட்டாள். தரை சுடுகிறது மம்மி, என்று இங்கிலீஷில் கத்தினாள். நான் அவளை எழுப்பாமல் நின்றேன். வீட்டில் எங்கேயும் பூஞ்சை வாடை இல்லை. மூக்கை வைத்துச் சுவரெல்லாம் பார்த்தேன்.

வீட்டைக் காட்டிய பெண்ணுக்கு எங்களைப் பிடித்துவிட்டது. இப்போது இருப்பவர்கள் காலி செய்ய இன்னும் சில வாரம் இருக்கிறது என்றாள். ஓனர் கேட்பது ஒன்றே ஒன்று: வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை நிச்சயம் என்று கம்பெனி கொடுத்த தாள். "கேஷுவல், அன்றாடம் கூப்பிடும் வேலை என்றால் ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார். அந்த ஒரு தாள் கொண்டு வாருங்கள், முதலில் உங்களைத்தான் பார்ப்பேன்" என்றாள். நல்ல பெண்.

அந்தத் தாள் கிடைக்க என் கணவரைக் கம்பெனி நிரந்தரம் ஆக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. அடுத்தவர்கள் போர்வையை மடிக்கும்போதெல்லாம் அந்த ஜன்னலுக்கு என்ன திரை போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூறுகெட்டவள்.

ஒரு நாள் அவர் வேலை முடிந்து சிரித்த முகமாக வந்தார். பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னார்.

"இன்னைக்கு டீம் லீடர் வந்து கேட்டாங்க. பெர்மனென்ட்டுக்கு ஒரு இடம் இருக்காம்."

எனக்கு அடுப்பில் கரண்டி நின்றுவிட்டது. "அப்படியா! என்ன சொன்னீங்க?"

"நோ நோ, இட்ஸ் ஓகே, மத்தவங்களுக்கு முதல்ல குடுங்கன்னேன்."

"என்னது?"

"பக்கத்துல அந்தப் பஞ்சாபிக்காரர் நிக்கிறாரு. மூணு பிள்ளைங்க அவருக்கு. கேட்ட உடனே பாஞ்சு புடுங்கினா, இவன் என்னடா இப்படி அலையுறான்னு நினைக்க மாட்டாங்க?"

"சரி. அப்புறம்?"

"அப்புறம் என்ன? சரின்னுட்டுப் போனாங்க. திரும்பக் கேப்பாங்கல்ல, அப்பச் சொல்லிக்கலாம்."

நான் அடுப்பை அணைத்தேன்.

இதை மற்றவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. நம் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். இங்கே தமிழர் வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். வாசலில் கால் வைக்கும்போதே, "சாப்பிட்டுத்தான் வந்தோம்" என்று சொல்லியாக வேண்டும். வயிறு காந்தும். அந்த வீட்டு அம்மா, "அதெப்படி, ஒரு தோசையாவது" என்பார். "ஐயோ வேண்டாங்க." "கொஞ்சமா." "சரி, உங்களுக்காக." பிறகு ஆறு தோசை உள்ளே போகும். முதல் தடவை கேட்டதும் தட்டை நீட்டுகிறவனைப் பற்றிப் பத்து வருஷம் பேசுவோம். என் கணவர் இந்த விளையாட்டில் கெட்டிக்காரர். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காபியை மூன்று தடவை வேண்டாம் என்றார். எவ்வளவு மரியாதையான பையன் என்று என் அப்பா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

இந்த ஊரில் ஒரு தடவைதான் கேட்கிறார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் இவர்கள் மரியாதை. நாம் சொன்ன சொல்லை நம்புகிறார்கள்.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? எஸ்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை," என்று கத்தினேன்.

"கத்தாத. பாப்பா இருக்கா."

"இருக்கட்டும். அவளும் தெரிஞ்சுக்கட்டும், அவ அப்பா எவ்ளோ பெரிய வள்ளல்னு. ஒழுகுற ஜன்னலு, இருமுற பொண்ணு, இதுல மத்தவங்களுக்கு முதல்ல குடுங்களாம்!"

"திரும்பக் கேப்பாங்கடி. ஒரு நாளாவது லேட்டாப் போயிருக்கேனா நான்? என் வேலை தெரியும் அவங்களுக்கு."

அன்றைக்கு அக்கா பின்கதவிலிருந்து "தங்கச்சி, தொடங்கியிட்டுது!" என்று கூப்பிட்டார். நான் எதையும் போடவில்லை. துணி அப்படியே கிடந்தது.

நாள் போனது. அவர் ஒவ்வொரு நாளும் வந்து பூட்ஸைக் கழற்றும்போது நான் முகத்தைப் பார்ப்பேன். அவர் தலையை ஆட்டுவார். நீங்களாகப் போய்க் கேளுங்கள் என்று நச்சரித்தேன். வலியப் போய்க் கேட்பதா என்று முதலில் முறைத்தார். பிறகு, நாளைக்குக் கேட்கிறேன் என்றார். நாளை வந்தால் டீம் லீடர் மீட்டிங்கில் இருந்தாராம், அதற்கு மறுநாள் லாரி லேட்டாம். ஒரு வழியாக ஒரு நாள் கேட்டே விட்டார்.

அந்த டீம் லீடர் டோங்கா நாட்டுப் பெண்மணி. நல்ல மாதிரி. இவர் மேல் பிரியம் உள்ளவர், ஒரு தடவை மகளுக்கென்று கேக் கொடுத்தனுப்பியிருக்கிறார். இவர் கேட்டதும் அவருக்கே முகம் மாறிவிட்டதாம். "உன்னைத்தானே தம்பி முதலில் கேட்டேன்? நீ நோ, இட்ஸ் ஓகே என்றாய். உனக்கு வேறு நல்ல ஏற்பாடு இருக்கிறது போல என்று நினைத்தேன். அப்புறம் உன் பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன், நான் கேட்டு முடிப்பதற்குள் எஸ் என்றார்" என்று சொன்னாராம். அடுத்து எப்போது இடம் வரும் என்று அவருக்கே தெரியாது. இவர் பாட்டுக்கு "நோ ப்ராப்ளம், இட்ஸ் ஓகே" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மறுபடியும்!

இந்தத் தடவை நான் கத்தவில்லை. கத்தத் தெம்பு இல்லை. அவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீம் லீடர் மேலும் எனக்குக் கோபம் இல்லை, பஞ்சாபிக்காரர் மேலும் இல்லை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் மட்டும் என்ன செய்வார்? ஆனால் ஒன்று மட்டும் வயிற்றெரிச்சல். இத்தனை பேர் பெட்டி தூக்கும் இடத்தில் நிச்சயம் என்று சொல்லத்தக்க வேலை ஒன்றே ஒன்று இருந்ததாம், அதற்கு இரண்டு பேரை நிறுத்திவைத்துக் கேட்டார்களாம். இன்னொருவனுக்கு வழிவிட்டுக் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்வதற்குக்கூட இந்த ஊரில் நிரந்தர வேலை வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அந்த வசதி இல்லை என்று அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

வீடு காட்டிய பெண்ணுக்குப் போன் செய்து, தாள் இல்லை என்று சொன்னேன். "ஓ, ஐ ஆம் சாரி" என்றாள். அடுத்த வாரம் அந்தத் தெரு வழியாக மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது அந்த ஜன்னலில் யாரோ திரை போட்டிருந்தார்கள். நான் யோசித்து வைத்த நிறம் இல்லை. அதற்குப் பிறகு சுற்று வழியில் போனோம்.

கடைசியில் ஹென்டர்சனில் ஒரு குடும்பத்தோடு சேர்ந்து இருக்கிற மாதிரி இரண்டு அறை கிடைத்தது. தாள் கேட்காத இடம். சமையலறை பொது, ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு எங்களுக்கு. ஹீட்டர் எங்களுடையதை நாங்கள் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து விரிக்கு வேலைக்குப் போவதென்றால் ஊரின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி. மகளுக்குப் பள்ளிக்கூடம் மாற வேண்டும். அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. "ஓகே" என்றாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. இவளும் கற்றுக்கொண்டுவிட்டாளே!

கிளம்பிய அன்றைக்குத் தூறல். எங்கள் பழைய காரில் முந்தின நாளே ஒரு நடை சாமான் போய்விட்டது. மிச்சத்தைத் திணித்துக்கொண்டிருந்தோம். கையகல ஹீட்டர் அதற்கு முந்தின வாரமே உயிரை விட்டிருந்தது. முன் வீட்டிலும் அட்டைப் பெட்டிகள்தான். அக்காவும் அந்த மாதம் போக வேண்டியவர். அவர் கணவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கையை ஆட்டினார்.

அக்கா வாசல் வழியாக எதையோ கடகடவென்று உருட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் கூடத்தில் எப்போதும் நின்ற எண்ணெய் ஹீட்டர். அக்கா கணவரின் இடுப்பு வலிக்கென்று பக்கத்தில் வைத்தது.

"தங்கச்சி, இதைக் கொண்டு போங்கோ. பிள்ளைக்குக் கூதல்."

"ஐயோ வேண்டாம்க்கா. அண்ணனுக்கு வேணும். அங்க எல்லாம் இருக்குக்கா."

அங்கே ஒன்றும் இல்லை. அக்காவுக்கும் அது தெரியும். அவர் என்னைப் பார்த்தபடி மறுபடி வாயைத் திறந்தார். இன்னொரு தரம் கேட்கத்தான். கேட்டிருப்பார். நானும் இன்னொரு தரம் வேண்டாம் என்றிருப்பேன். மூன்றாம் தரம், "சும்மா கொண்டு போங்கோ எண்டுறன்" என்று அதட்டி என் கையில் தள்ளியிருப்பார். அந்த ஊரிலேயே தோசையைத் தாண்டியும் எங்களை மூன்று தடவை கேட்கக்கூடிய ஒரே மனுஷி.

அதற்குள் காரின் டிக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என் கணவர் திரும்பினார்.

"வேணும்க்கா," என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். முகமெல்லாம் மழை. கொஞ்சம் சத்தமாகவே இன்னொரு தடவை சொன்னார்.

"எங்களுக்கு வேணும்க்கா. குடுங்க."

வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அக்கா அவர் தோளில் கை வைத்தார். பிறகு, "ஓம், கொண்டு போங்கோ தம்பி," என்றார். அவ்வளவு மெதுவாக அக்கா பேசி நான் கேட்டதில்லை.

டிக்கியில் இடம் இல்லை. ஹீட்டரைப் பின் சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, அதற்கும் ஒரு சீட் பெல்ட் மாட்டினார். மோட்டார்வேயில் ஏறினோம். விரி வந்தது. வரிசையாக வேர்ஹவுஸ் கூரைகள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் வேலை உண்டா என்ற மெசேஜ் அதுவரை வரவில்லை.

"வேணும்னு சொல்லத் தெரியுதே உங்களுக்கு," என்றேன்.

கிண்டலாகத்தான் சொல்ல வந்தேன். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.